ஊற்றில் வந்த பச்சை

போன மாதம் ஓர் இளம் ஆசிரியை என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். பாடத்தை ஊரோடு சேர்த்து நடத்த வேண்டும், உள்ளூரில் இருக்கிற தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, தோட்டம் எல்லாவற்றையும் வகுப்போடு இணைக்க வேண்டும் என்று இப்போது மேலிடத்தில் சொல்கிறார்களாம். "நீங்க அந்தக் காலத்துலயே பண்ணுனீங்களாமே டீச்சர், எப்படிங்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார். அந்தக் காலம் என்று அவர் சொன்னது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்களை. சிரிப்பு வந்தது. காபி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பிப் போன பிறகும் எனக்குள் பேச்சு நிற்கவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. கோயமுத்தூரில் வேதியியல் படித்தேன், பி.எட். முடித்தேன், தேர்வெழுதி வேலை வாங்கினேன். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் போட்டார்கள். சமவெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் போல, இரண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிக் கீழே போய்விடலாம் என்றுதான் மலை ஏறினேன். போகவில்லை. கணவருக்கும் கோத்தகிரியில் வேலை கிடைத்தது, குழந்தைகள் இங்கேயே வளர்ந்தார்கள், ஸ்வெட்டர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மலைச்சரிவின் மேட்டில் இருக்கும் பள்ளி. கீழே தேயிலை, அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். எதிர்ச்சரிவில் டீ ஃபேக்டரி. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

பல வருடங்கள் நான் நல்ல ஆசிரியை என்றே பெயர் எடுத்திருந்தேன். பலகையில் தெளிவாக எழுதுவேன், பிள்ளைகள் தேர்ச்சி பெறுவார்கள். அப்போதுதான் கமலவேணி மேடம் தலைமையாசிரியையாக வந்தார்.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். பருத்திச் சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் கேட்டவருக்கே பாதிப் பதில் தெரிந்துவிடும். வந்த முதல் மாதம் எந்த மாற்றமும் செய்யவில்லை. படிப்பை நிறுத்திவிட்ட பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாக நடந்து போய்வந்தார். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவதில் நின்றுபோனவர்கள். கல்யாணம், வேலை, வீட்டில் சிரமம் என்று நாங்கள் பதிவேட்டில் காரணம் எழுதியிருந்தோம். அம்மாக்கள் அவரிடம் வேறு காரணம் சொன்னார்கள். பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தேயிலைச் செடிகளுக்கு இடையில்தான் போக வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை எப்படி அனுப்புவது?

அடுத்த ஒன்றரை வருடம் அவர் அலைந்த அலைச்சலை அருகில் இருந்து பார்த்தேன். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, நன்கொடையாளர்களைப் பிடித்து, பள்ளிக்குப் பின்னால் பெண்களுக்கு வரிசையாகக் கழிப்பறைகள் கட்ட வைத்தார். திறந்த அன்று விழா வைக்கவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், மூடினார், அறைக்குப் போய்விட்டார். நின்றுபோனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் என் பத்தாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆக்ஸிஜனேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். சமன்பாடுகளை எழுதி முடித்தேன். மணி அடித்ததும் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஜன்னல்ல ஒரு வாசம் வருதே, என்னதுங்க அது?"

"டீ ஃபேக்டரிங்க மேடம். எப்பவும் வர்றதுதான்."

"அங்க அந்த இலைக்கு நடக்கறதும் நீங்க போர்டுல எழுதுனதும் ஒண்ணு தானுங்களே?"

ஆமாம் என்றேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"புள்ளைகள கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

இந்த ஒரு வாக்கியம்தான் அவருடைய நிர்வாகம். பிற்காலத்தில் எதற்குப் போய் நின்றாலும் இதையேதான் சொல்வார். ஆனால் நம்மை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறவர் இல்லை. அடுத்த நாளே தோட்ட மேனேஜரைப் பார்க்கத் தானே போனார். என்னையும் கூட்டிப் போனார். உட்கார்ந்து டீ குடித்தார், மழை பற்றிப் பேசினார், கொழுந்து வரத்து எப்படி என்று விசாரித்தார். எழுந்து வாசல் வரை வந்த பிறகுதான், "எங்க புள்ளைகளோட அப்பா அம்மா பறிக்கற கொழுந்து என்ன ஆகுதுன்னு அதுங்க பாத்ததே இல்லீங்க. ஒரு நாள் காட்டலாமுங்களா?" என்றார். மேனேஜரால் மறுக்க முடியவில்லை.

ஃபேக்டரியில் எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் போஜன். இலை எப்போது வாட வேண்டும், எப்போது உலர வேண்டும் என்று தீர்மானிக்கிற டீ மேக்கர். படகர், ஊர்ப் பெரியவர் போல நிதானமானவர். அரைத்த இலையை மெல்லிய படுகையாகப் பரப்பியிருந்தார்கள். உள்ளே வரும்போது பச்சை. நாங்கள் அதன் ஓரமாகவே நின்றோம். யாரும் தொடவில்லை, எதையும் ஊற்றவில்லை, காற்று மட்டும்தான் அதன்மேல் பட்டது. பச்சையின் நடுவே ஒரு மஞ்சள் படர்ந்தது. மஞ்சள் செம்பாயிற்று. பச்சைப் புல் வாசனை போய்ப் பழுத்த கொய்யா மாதிரி ஒரு வாசனை எழுந்தது. பலகையில் நான் பத்து வருடமாக எழுதிய அம்புக்குறி இதுதானா என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிள்ளைகள் படுகைமேல் குனிந்திருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் முதுகில் சுமந்த கொழுந்து.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் சிலரை அழைத்துப் போயிருந்தேன். அதில் தர்ஷினி என்று ஒரு பெண். லைன் வீட்டுப் பிள்ளை. தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவள்தான் கேட்டாள்: "சார், காலையில ரொம்பக் குளிரா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"குளுந்துச்சுன்னா இலை சோம்பேறி ஆயிடும்மா," என்றார் போஜன். "நெறம் மாறவே மாறாது. ரூம சூடு பண்ணித்தான் எழுப்போணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு வகுப்புக்கு வெளியே போவது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுண்ணோக்கி வழியாகத் தங்கள் ரத்தத்தைத் தாங்களே பார்த்தார்கள். மார்கழியில் பிள்ளைகள் வீட்டு வேலிகளில் வெப்பமானிகள் கட்டித் தொங்கவிட்டோம். மேட்டில் இருக்கிற வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிற வீடுதான் விடியற்காலையில் அதிகம் குளிர்கிறது என்று தெரிந்தபோது நம்பமுடியவில்லை. உயரப் போகப் போகக் குளிரும் என்றுதானே பாடம்? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார் மேடம். விடியும் நேரத்தில் பிள்ளைகளோடு தேயிலைக்குள் நின்றேன். ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்தோம். புகை மேலே போகவில்லை. சாய்ந்து, சரிவோடு சரிவாக, ஓடைத் தண்ணீர் மாதிரி கீழே இறங்கிப் போயிற்று. குளிர்காற்று கனமானது, அது வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு தினமும் நம் முழங்காலைத் தொட்டுக்கொண்டு போகிறது. அன்றைக்கு மலையே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டமான விஷயம்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. மழைக்காலம் முடிகிற சமயம், லைன் வீடுகளில் மஞ்சள்காமாலை வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு அடுத்தடுத்து. பிள்ளைகள் வகுப்புக்கு வருவது குறைந்தது. சுகாதார ஆய்வாளர் பிரபு வந்து தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டார், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். லைனுக்குக் குடிதண்ணீர் ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. பாறையிடுக்கில் கசிந்து ஒரு குழாய் வழியாகக் கொட்டும். தர்ஷினி வீட்டார் அதைப் பீலி என்பார்கள். இலங்கையிலிருந்து கூடவே வந்த சொல். மலைத் தண்ணீர், இதைவிடச் சுத்தம் எங்கே இருக்கும் என்று நானும் அதில் கை ஏந்திக் குடித்திருக்கிறேன்.

தர்ஷினியின் அக்கா செல்வி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் என்னிடம் படித்தவள்தான், ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள். அவளுக்கும் காமாலை வந்தது. இந்த வகைக் காமாலை கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்து என்று சொல்லி ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்கு இறக்கினார்கள். செல்வி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

தர்ஷினி ஒரு வாரம் வரவில்லை. வந்த அன்று வகுப்பில் எழுந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் இருந்தாள் அப்போது.

"டீச்சர், எங்க பீலித் தண்ணிய நாம பாக்கலாமா?"

பிரபுவைக் கேட்டேன். சின்னச் சின்னப் பரிசோதனைப் பாட்டில்கள் கொண்டுவந்தார். உள்ளே ஒரு மருந்து இருக்கும். கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, குலுக்கி ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டும். மனிதக் கழிவோ மாட்டுக் கழிவோ கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். அறிவியல் அறை அலமாரியில் வைத்தோம். மறுநாள் பார்த்தோம். கறுக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே இருந்தது. எல்லாருக்கும் ஒரு நிம்மதி. மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"கெட்ட தண்ணின்னு நிச்சயமாத் தெரிஞ்சது ஒண்ணையும் பக்கத்துல வெச்சீங்களா?"

வைக்கவில்லை. அன்று சாயங்காலமே மாட்டுக் கொட்டகைச் சாக்கடையிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, ஊற்றுத் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். கண்ணால் பார்த்தாலே கெட்டது என்று தெரிகிற தண்ணீர். இரண்டு நாளாகியும் அதுவும் கறுக்கவில்லை.

அந்த இரண்டு பாட்டில்களும் அருகருகே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சாக்கடையையும் நல்ல தண்ணீர் என்று சொல்கிற பாட்டில் ஊற்றைப் பற்றி என்ன சொன்னால் என்ன? வகுப்பில் வைத்து எல்லாரையும் யோசிக்கச் சொன்னேன். மருந்து பழசா? மூடி சரியில்லையா? பேசிக்கொண்டே போனோம். தர்ஷினி கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், குளுந்தா இலை சோம்பேறி ஆயிடும்னு போஜன் சார் சொன்னாருல்ல? கிருமியும் அப்படித்தானா?"

அதேதான். கிருமி பெருகினால்தான் பாட்டில் கறுக்கும். பெருகக் கதகதப்பு வேண்டும். கீழ்நாட்டில் அறையில் வைத்தாலே அந்தச் சூடு இருக்கும். எங்கள் அறிவியல் அறையில் மத்தியானம்கூடப் பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொண்டு எழுதுவார்கள். ஃபேக்டரியில் கேட்ட ஒரு வாக்கியத்தை, குழந்தையைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து வந்த பெண், தண்ணீர்ப் பாட்டிலில் கொண்டுவந்து வைக்கிறாள். அறிவு இப்படித்தான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறதா என்று பிரமித்து நின்றேன்.

மேடமும் நானும் போஜனிடம் போனோம். அவர் தயங்கினார். "டீச்சர், இது ஜனங்க குடிக்கற டீ. அழுக்குத் தண்ணிய உள்ள விடமாட்டேன்," என்றார். நியாயம்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஃபேக்டரிக்கு வெளியே, உலர்த்தும் இயந்திரத்துக்கு அனல் தருகிற அடுப்பு இருக்கும் கொட்டகையைக் காட்டினார். விறகு எரிகிற இடம். அதன் பின்சுவரில் ஒரு மாடம். அங்கே வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். உடம்புச் சூடு இருந்தது. பாட்டில்களை ஒரு மூடிய டப்பாவில் போட்டு அங்கே வைத்தோம். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பிடித்த ஒரு பாட்டிலையும், நல்லதுக்கு அடையாளமாக, கூட வைத்தோம்.

மறுநாள் டப்பாவைத் திறந்தபோது போஜனும் கூட இருந்தார். கொதித்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. சாக்கடைப் பாட்டில் மை மாதிரி கறுப்பு. ஊற்றுப் பாட்டிலும் அதே கறுப்பு.

போஜன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லைன் பக்கம் வந்தா நானும் அந்தத் தண்ணிதான் குடிக்கறேன்," என்றார், அவ்வளவுதான்.

பிரபு ஆய்வகத்துக்கும் மாதிரி அனுப்பினார், அங்கேயும் அதே முடிவு. ஊற்றுக் குழாயை உடனே அடைத்தார்கள். தோட்டத்திலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. ஆனால் கழிவு எங்கிருந்து வருகிறது? லைன் வீட்டுக் கழிப்பறைகள் ஊற்றுக்குக் கீழே. மேலே இருப்பது தேயிலை, ஒரு துண்டுச் சோலை, மாட்டுக் கொட்டகை. அதற்கும் மேலே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளி.

குழாய்க் கசிவு கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிற ஒரு சாயத்தைப் பிரபு வரவழைத்தார். உடம்புக்குக் கெடுதல் இல்லை. தூளாக இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீரில் கரைந்தால் பளீரென்ற பச்சை. துளி போதும், பெரிய தொட்டியையே காட்டிக்கொடுக்கும். முதலில் மாட்டுக் கொட்டகைச் சாக்கடையில் விட்டோம். ஊற்றில் நாள்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆசிரியர் அறையில் மேடம் சொன்னார்: "நம்ம டாங்க்கையும் பாக்கோணுமுங்க."

பெண்கள் கழிப்பறையின் செப்டிக் டாங்க். அவர் வாங்கிக்கொடுத்த கழிப்பறை. பள்ளி அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே, இடையில் சாலை இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். இப்போது போய் இதைக் கிளப்பினால் கழிப்பறையை மூடச் சொல்வார்கள், பெண் பிள்ளைகள் மறுபடியும் நின்றுவிடுவார்கள் என்றார் இன்னொருவர். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மேடம் கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று அவரே வகுத்துக்கொடுத்தார். சாயத்தைத் தொடுகிறவர் ஊற்றுப் பக்கமே போகக் கூடாது, கையிலோ துணியிலோ ஒட்டிக்கொண்டு போனால் சோதனையே பொய்யாகிவிடும். அதனால் சாயத்தைப் பிரபு ஊற்றினார், ஊற்றிவிட்டுப் பள்ளியிலேயே இருந்தார். ஊற்றில் நானும் பிள்ளைகளும். சாயம் விடுவதற்கு முன்பே ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றுத் தண்ணீர் பிடித்துத் தனியாக வைத்துக்கொண்டோம், நிறம் ஒப்பிட. அடைத்த குழாயைத் திறந்துவிட்டு, அடியில் வெள்ளைப் பேசின் வைத்தோம். பார்க்கிறவர்கள் இருவர் இருவராக முறை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் பார்த்ததை அடுத்தவரிடம் சொல்லாமல் தனித்தனியாக என்னிடம் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் யாரும் இந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம் என்று லைனில் மேடமே போய்ச் சொன்னார், எதற்காக என்பதையும் சொன்னார். பள்ளித் தொட்டியைச் சோதிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னார். அதனால் ஜனங்களும் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் காலையில் ஒன்றுமில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் விலகி வெயில் அடித்தது. பேசினுக்குப் பக்கத்தில் இருந்த பையன் எழுந்து என்னிடம் வந்தான். பிறகு கூட இருந்த பெண் வந்தாள். இருவரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். பேசினில் ஒரு பச்சை. முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி. குடுவையைப் பக்கத்தில் பிடித்ததும் சந்தேகம் போயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கூடிற்று. வெயில் பட்ட இடமெல்லாம் தண்ணீருக்கு உள்ளேயிருந்து யாரோ விளக்கேற்றியது போல எரிந்தது. அவ்வளவு அழகான ஒன்றை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அவ்வளவு பயங்கரமானதையும் பார்த்ததில்லை. சாலைக்கு அடியில், சோலைக்கு அடியில், பாறை வெடிப்புகள் வழியாக யாருக்கும் தெரியாமல் மலை இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்ததை, ஒரு கை சாயம் வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

ஆளனுப்பி மேடத்தை வரவழைத்தேன். அதற்குள் லைன் முழுக்கச் செய்தி போயிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள், கண்ணில் இன்னும் மஞ்சள் முழுசாகப் போகவில்லை. தர்ஷினி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்கருந்து வருது டீச்சர்?" என்று செல்வி என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"எங்க ஸ்கூல்ல இருந்தும்மா. நான் கட்ட வெச்ச கக்கூஸ்ல இருந்து." மேடம் செல்விக்கு நேராக வந்து நின்றார். மேட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது. தலையைக் குனியவில்லை.

கூட்டத்தில் ஒருவர் கத்தினார். பள்ளிக்கூடமே எங்க புள்ளைகளக் கொல்லுதா என்றார். இன்னொருவர், அந்தக் கட்டடத்த இன்னிக்கே இடிக்கோணும் என்றார். மேடம் அவர்களைப் பார்க்கவில்லை. செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வி உட்கார்ந்து பேசினைக் கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எப்பவும் இது இப்படியேதான் வந்திருக்கு," என்றாள். "கண்ணுக்குத்தான் தெரியல." பேசினைக் கவிழ்த்து அந்தத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். எழுந்தாள்.

"அத இடிக்கக் கூடாது," என்றாள்.

கத்தியவர் ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமா. ஸ்கூல்ல கக்கூஸ் இல்லாமத்தான் நான் ஒம்பதாவதோட நின்னேன். செடி மறைவுக்குள்ள போறப்ப ஒருத்தன் பின்னாலயே வந்தான். ஊட்டுல சொல்லல, நின்னுட்டேன்." பிறகு மேடத்திடம் திரும்பினாள். குரலில் மன்னிப்பெல்லாம் இல்லை. "இவ படிக்கோணும். எடத்த மாத்துங்க மேடம். கண்ட எடத்துல கட்டாம, இந்த மாதிரி பாத்துட்டுக் கட்டுங்க."

மேடம் கண்ணாடியைத் தொடவில்லை. "சரிம்மா," என்றார். அவர் யாருக்கும் உடனே பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. கழிப்பறை பூட்டப்பட்டது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், செய்தி பத்திரிகையிலும் வந்துவிட்டது, அது வராமல் முடித்திருக்கலாமே என்று ஒருவர் மேடத்திடம் வருத்தப்பட்டார். மேடம் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினார். போஜன் மேனேஜரிடம் பேசி, ஃபேக்டரிப் பெண்களின் கழிப்பறையை எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்தார். இடைவேளையில் ஓர் ஆசிரியை கூடப் போவோம். சிலர் அந்த மாதங்களில் வராமல் போனார்கள், வீடு வீடாகப் போய் அழைத்துவந்தோம். ஒரு பெண் வரவே இல்லை.

புதிய தொட்டிக்கு இடம் தேடுவது என் பத்தாம் வகுப்பின் வேலையாயிற்று. பிரபுவும் பொறியாளர் ஒருவரும் கூட வந்தார்கள். எந்தச் சரிவின் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளைகள் மழையில் குடை பிடித்து நின்று பார்த்தார்கள். முடிவில் ஊற்றுக்கு எதிர்ப்பக்கச் சரிவில், அடியும் பக்கமும் சிமெண்ட் பூசிய தொட்டி கட்டினார்கள். குழி தோண்ட லைனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அன்று கத்தியவரும் வந்தார்.

தொட்டி நிரம்பியதும் மறுபடியும் சாயம் விட்டோம். மறுபடியும் குடுவை, வெள்ளைப் பேசின், இருவர் இருவராகப் பிள்ளைகள். லைனே வந்து ஊற்றைச் சுற்றி நின்றது. வேலை முடித்த பெண்கள் கூடையை இறக்காமல் வந்து நின்றார்கள். போஜன் வந்தார். மேடம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒன்றுமே வராததைப் பார்ப்பதற்காக அத்தனை பேர். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நிறமில்லாத வெறும் தண்ணீர். ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து அதைப் பார்த்தார்கள், இதுவரை தண்ணீரையே பார்த்திராதவர்கள் மாதிரி. அன்று போனது. அடுத்த நாளும் போனது. அடுப்புக் கொட்டகை மாடத்தில் வைத்த பாட்டில்கள் கறுக்கவில்லை, பக்கத்தில் வைத்த சாக்கடைப் பாட்டில் மட்டும் கறுத்தது.

முன்பு பச்சை வந்துசேர ஆன நேரம் எப்போதோ கடந்துவிட்டது. பிள்ளைகளைக் கிளம்பச் சொன்னேன், பேசினைக் கையில் எடுத்தேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நின்றிருந்த செல்வி கிட்டே வந்து, என் கையிலிருந்து பேசினை வாங்கினாள். குழாய்க்கு அடியிலேயே திரும்ப வைத்தாள்.

"இன்னிக்கி வரல, சரிதானுங்க டீச்சர்," என்றாள். "நாளைக்கி?"

நாளைக்கும் வந்து பார்த்தோம்.